அழகான ஐரோப்பிய செடான் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"காரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது, வாங்கலாமா?" இந்த ஒரே கேள்வியைத்தான் பலரும் பல விதமாகக் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் அடையாளமே தெரியாத இரண்டு வண்டிகளில் ஒன்று வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும், இன்னொன்று வாங்கிய வருடமே எஞ்சினைப் பிரிக்க வைக்கும். அந்த வித்தியாசம் வெளியில் தெரியாது. அதனால் கீழே வடிவத்தைப் பற்றிக் கொஞ்சமும், எஞ்சின், கியர்பாக்ஸ், சர்வீஸ் பற்றி நிறையவும் இருக்கும்.

எந்தெந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

சுமார் 4.6 முதல் 4.9 மீட்டர் வரை நீளமுள்ள செடான்கள். ஆல்ஃபா ரோமியோ ஜூலியா 4.64 மீட்டர், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் 4.71, மெர்சிடிஸ் சி-கிளாஸ், பூஜோ 508 இரண்டும் 4.75 பக்கம், வால்வோ எஸ்60 4.76, ஃபோக்ஸ்வாகன் ஆர்டியான் 4.86. இவற்றோடு ஆடி ஏ4, ஏ5 ஸ்போர்ட்பேக், ஃபோக்ஸ்வாகன் பஸாட், சிசி, ஸ்கோடா சூப்பர்ப், ஜாகுவார் எக்ஸ்இ, ஓப்பல் இன்சிக்னியா ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழகுக்காக ஒரு காரை வாங்குவது முட்டாள்தனமா?

இல்லை. தினமும் பார்க்கப்போகும், உட்காரப்போகும் பொருள் அது. பிடிக்காத காரை யாரும் ஒழுங்காகப் பராமரிப்பதும் இல்லை. ஆனால் அழகுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

நான்கு கதவு இருந்தும் கூபே போலத் தாழ்ந்து சரியும் கூரையை இன்றைய பாணியாக ஆக்கியது 2004-இல் வந்த மெர்சிடிஸ் சிஎல்எஸ். அதே எண்ணத்தைச் சாதாரண வாங்குபவரின் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தது 2008-இன் பஸாட் சிசி. அடுத்த வருடம் ஏ5 ஸ்போர்ட்பேக் வந்தது, 2017-இல் சிசி இருந்த இடத்துக்கு ஆர்டியான் வந்தது. எல்லாமே கண்ணுக்கு விருந்துதான். ஆனால் சரியும் கூரை பின் இருக்கையில் தலைக்கு மேலுள்ள இடத்தைத் தின்றுவிடும், பின் கண்ணாடி வழியாகத் தெரியும் உலகமும் சுருங்கிப்போகும். வீட்டில் உயரமான ஆள் இருந்தால், அவரை முதலில் பின்னால் உட்கார வைத்துப் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

சிசி, ஆர்டியான், ஏ5 ஸ்போர்ட்பேக், இரண்டாம் தலைமுறை 508 ஆகியவற்றில் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கி, மூடியதும் மேலே ஏறி ரப்பரில் உட்கார வேண்டும். பழைய வண்டியில் நான்கு கதவிலும் இது ஒழுங்காக நடக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் இறுகிப்போயிருந்தால் வேகத்தில் காற்று விசில் அடிக்கும், மழையில் உள்ளே ஈரம் கசியும்.

ஒரு நல்ல செய்தி: ஆர்டியான், இரண்டாம் தலைமுறை 508, ஏ5 ஸ்போர்ட்பேக், சூப்பர்ப் நான்கிலும் டிக்கி மூடியோடு பின் கண்ணாடியும் சேர்ந்தே தூக்கும். செடான் போலத் தெரியும், ஆனால் சலவை இயந்திரத்தைக்கூட ஏற்றலாம். சிசியில் அப்படி இல்லை, சிறிய வாய் கொண்ட வழக்கமான டிக்கிதான்.

புதிதாக வாங்க இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன?

முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. எஸ்யூவி வந்து இந்த வகையை விழுங்கிவிட்டது. ஃபோர்டு மான்டியோ, இன்சிக்னியா, ரெனோ டாலிஸ்மன் மூன்றும் 2022-இல் ஐரோப்பாவில் நின்றுபோயின. 1973 முதல் வந்த பஸாட், 2023-இன் புதிய தலைமுறையில் நீளக்கூரை எஸ்டேட்டாக மட்டுமே வருகிறது. ஜாகுவார் எக்ஸ்இ 2024-இல் முடிந்தது. அதே வருடம் ஆடி தன் ஏ4 பெயரைக் கைவிட்டு, அந்த இடத்தில் புதிய ஏ5-ஐ வைத்தது. 3 சீரிஸ், சி-கிளாஸ், ஏ5, சூப்பர்ப், ஜூலியா, இவைதான் பட்டியலின் மையம்.

நின்றுபோன மாடலை வாங்கினால் உதிரி பாகம் கிடைக்குமா?

பெரும்பாலும் கவலை வேண்டாம். ஆர்டியானின் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் அந்தத் தலைமுறை பஸாட்டோடும் சூப்பர்போடும் பகிர்ந்தவை. லட்சக்கணக்கில் ஓடும் வண்டிகளின் பாகங்கள் அவ்வளவு சீக்கிரம் காணாமல் போகாது. தனித்தன்மையான பாகங்கள்தான் சிக்கல்: பம்பர், முகப்பு விளக்கு, கதவு ரப்பர், உள்ளலங்காரப் பட்டைகள். சின்ன இடிபாட்டுக்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு விளக்குக்காகக் காத்திருப்பது இப்படித்தான் வருகிறது.

நிறுவனமே மூடிப்போனால் கதை வேறு. ஸ்வீடனின் சாப் 2011 டிசம்பரில் திவாலானது. அதன் 9-3 அழகான வண்டி, எஞ்சின் வேலைக்கான பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன, ஆனால் வெளிப்புறப் பாகங்களுக்கு அலைய வேண்டும். பொழுதுபோக்காக வைத்துக்கொள்பவருக்குச் சரி. வீட்டின் ஒரே வண்டியாக வேண்டாம்.

புதிதா, பழையதா?

புதிய வண்டியின் விலை மிக வேகமாகச் சரிவது முதல் 3 வருடங்களில். ஷோரூமில் கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்த்த பெரிய வீல், தோல் இருக்கை, நல்ல ஸ்பீக்கர் ஆகியவற்றின் மதிப்பு அதைவிட வேகமாகக் கரையும். எனவே அலங்காரம் நிறைந்த வண்டியை ஆசைப்படுபவருக்கு 3 முதல் 5 வயதுள்ள பழைய வண்டியே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. நிறுவனங்களின் குத்தகை முடிந்து திரும்பும் வண்டிகள் இந்த வயதில்தான் சந்தைக்கு வருகின்றன. நெடுஞ்சாலையில் ஓடியிருக்கும், சர்வீஸ் பதிவு இருக்கும்.

அவற்றிலும் ஒரு குறை உண்டு. குத்தகை வண்டிகளுக்கு உற்பத்தியாளர் அனுமதிக்கும் மிக நீண்ட இடைவெளியில்தான் ஆயில் மாற்றுவார்கள், 30,000 கிலோமீட்டர் அல்லது 2 வருடம் என்று. முதல் உரிமையாளருக்கு அதில் நஷ்டமில்லை. அதன் பலனை அனுபவிப்பவர் இரண்டாவது ஆள். பதிவில் 12,000 அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய வண்டி கண்ணில் பட்டால், அது கொஞ்சம் கூடுதலாக ஓடியிருந்தாலும் அதையே எடுங்கள்.

10 வயது தாண்டியவற்றைப் பார்ப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காரின் விலை கீழே வந்திருக்கும், பாகங்களின் விலை வந்திருக்காது. விலையுயர்ந்த வண்டியாகப் பிறந்தது கடைசிவரை விலையுயர்ந்த வண்டியாகத்தான் பழுதாகும். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுக்காமல், விலையில் ஆறில் ஒரு பங்காவது முதல் வருட வேலைகளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

எந்த எஞ்சினை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

இதுதான் முக்கியமான கேள்வி. இந்த வகைக் கார்களைப் பெயரை வைத்து வாங்கக்கூடாது, எஞ்சின் குறியீட்டை வைத்து வாங்க வேண்டும். "3 சீரிஸ் எப்படி?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த வருடம், எந்த எஞ்சின் என்று சொன்னால்தான் சொல்ல முடியும்.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்திலிருந்து தொடங்குவோம். 1.8, 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின்களின் குடும்பப் பெயர் ஈஏ888. சுமார் 2008 முதல் 2012 வரை வந்தவற்றில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமானது. அது விட்டுவிட்டால் செயின் பல் தாவும், வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். திருத்தப்பட்ட டென்ஷனர் பிறகு வந்தது. அது மாற்றப்பட்டதற்கான ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். அதே காலத்து ஆடி ஏ4 பி8 தலைமுறை 2.0 பெட்ரோலுக்கு இன்னொரு வியாதி: ஆயில் குடிப்பது. பிஸ்டன் வளையங்களின் வடிவமைப்பால் வந்த குறை அது. முழுத் தீர்வு வேண்டுமானால் பிஸ்டனையும் வளையத்தையும் மாற்ற வேண்டும். 2012-க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறை ஈஏ888 பல மடங்கு நல்லது. பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூடும் வாட்டர் பம்பும் கசிவது அதன் பழக்கம். அதற்காக வண்டியையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.

டீசலில், 2005 முதல் 2008 வாக்கிலான பஸாட்டின் பழைய பம்ப்-இன்ஜெக்டர் 2.0 எஞ்சின்கள் சிலவற்றில் ஆயில் பம்பைச் சுழற்றும் அறுகோணத் தண்டு தேய்ந்துபோகும். தேய்ந்தால் ஆயில் அழுத்தம் போகும், கூடவே டர்போவும் எஞ்சினும். 2012-க்குப் பின் வந்த ஈஏ288 டீசல் இந்தக் கூட்டத்திலேயே தைரியமாக வாங்கத்தக்கது. நடுவிலுள்ள ஈஏ189-தான் 2015 செப்டம்பரில் வெடித்த, சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய மோசடி விவகாரத்தின் நாயகன். மென்பொருள் திருத்தம் செய்யப்பட்டதா, அதற்குப் பின் இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) தொந்தரவு வந்ததா என்று விசாரியுங்கள்.

பிஎம்டபிள்யூவில் 2007 முதல் 2011 வரையிலான என்47 டீசலைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். டைமிங் செயினை எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்துவிட்டார்கள். செயின் சத்தம் போட ஆரம்பித்தால், பாகத்தின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலி அதிகம். என்20 பெட்ரோலில் 2015 தொடக்கம் வரை செயினுக்கான பிளாஸ்டிக் வழிகாட்டி உடையும் பிரச்சினை. அவற்றுக்குப் பின் வந்த பி47, பி48 இரண்டும் நிதானமானவை. ஆறு சிலிண்டர் பி58 பற்றி மெக்கானிக்குகளே நல்லபடியாகப் பேசுகிறார்கள், அது அபூர்வம். டீசல் எஞ்சின்களில் இஜிஆர் கூலரில் கூலண்ட் கசிந்து தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2018-இல் பெரிய அளவில் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்துவிட்டதா என்பதை வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்து டீலரிடம் உறுதி செய்துகொள்ளலாம்.

மெர்சிடிஸில் எம்271 என்ற 1.8 பெட்ரோலுக்கும் செயின்தான் பிரச்சினை. நீண்டு, கேம் பற்சக்கரங்களையும் தேய்த்துவிடும். புதிய டீசல்களில், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாருக்கு அடிக்கடி செலவு வரும்.

பூஜோ 508-இன் 1.2 ப்யூர்டெக் எஞ்சினில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் பட்டுப் பெல்ட் உதிர, அந்தத் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். 508 பிடித்தால் 1.6 பெட்ரோலையோ டீசலையோ தேடுங்கள். பழைய வால்வோ எஸ்60-இல் ஐந்து சிலிண்டர் டி5 டீசல் இருந்தால் அது பழைய ஆள், ஆனால் உழைப்பாளி. பெல்ட்டை நேரத்துக்கு மாற்றினால் போதும். 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை எஸ்60-க்கு டீசலே கிடையாது.

பெட்ரோலைச் சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகில் கரி படியும். முன்பெல்லாம் பெட்ரோலே வால்வைக் கழுவிக்கொண்டு போனது, இப்போது அது அந்தப் பக்கமே வருவதில்லை. குளிரில் எஞ்சின் நடுங்கினால், இழுவை குறைந்தால் இதைச் சந்தேகிக்கலாம். வால்நட் ஓட்டுத் துகளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள்.

டீசலா, பெட்ரோலா?

தினமும் நீண்ட தூரம், வேகமான சாலை என்றால் டீசல். நகரத்துக்குள் 5 கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் என்றால் தொடவே தொடாதீர்கள். டீசலின் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, தான் சேர்த்த கரியை எரித்துக்கொள்ளச் சூடான, தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். உங்கள் நகரத்தில் பழைய டீசலுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் கீழே உள்ளதை ஐரோப்பாவின் சில நகரங்கள் மையப் பகுதிக்குள் விடுவதில்லை.

பிளக்-இன் ஹைபிரிட் எப்படி?

வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் 330இ, பஸாட் ஜிடிஇ, சி300இ போன்றவை அருமை. வசதி இல்லாதவர் வாங்கினால், கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோல் போட்டு ஓட்டுவார். டிக்கியும் சிறுத்துவிடும்: சாதாரண 3 சீரிஸில் 480 லிட்டர், 330இ-யில் 375. முழு மின்சாரம்தான் வேண்டும் என்றால் 2021-இன் பிஎம்டபிள்யூ ஐ4-ஐ ஓட்டிப் பாருங்கள். அது கொஞ்சம் கனம், ஆனால் உருவம் கெடவில்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எதை நம்பலாம்?

இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டி. பிஎம்டபிள்யூ, ஜூலியா, எக்ஸ்இ மூன்றிலும் அதுதான். வழுவழுப்பானது, உறுதியானது. "ஆயுள் முழுவதும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று கார் நிறுவனங்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பெட்டியைச் செய்த இசட்எஃப்பே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. புதிய 508-லும் எஸ்60-லும் உள்ள ஜப்பானிய ஐசின் 8 கியர் பெட்டியும் நல்லதே.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டி விஷயத்தில் எது என்று பார்க்க வேண்டும். சிறிய எஞ்சின்களோடு வரும் 7 கியர் டிக்யூ200-இல் கிளட்ச் உலர்ந்தது, ஆயிலில் மூழ்காதது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து தேய்ந்துபோகும், அதன் மெக்கட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அடிக்கடி காலை வாரும். ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்ட 6 கியர் டிக்யூ250 கடினமான ஆள், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் வடிகட்டியும் மாற்றினால் போதும். மாற்றிய ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கர இயக்க ஏ4-களில் பி8 தலைமுறை வரை வந்த மல்டிட்ரானிக் என்ற சிவிடி (தனித்தனிக் கியர்கள் இல்லாத) பெட்டியை வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பஸாட், சூப்பர்ப், ஆர்டியான் எல்லாம் ஒரே கார்தானே?

அடிப்படை ஒன்றே. இப்போதைய பஸாட்டும் சூப்பர்பும் பிராட்டிஸ்லாவாவில் ஒரே ஆலையில்தான் உருவாகின்றன. ஆர்டியான் கண்ணுக்கு, சூப்பர்ப் குடும்பத்துக்கு. மூன்றாம் தலைமுறை சூப்பர்பின் டிக்கி 625 லிட்டர், பின் இருக்கையில் கால் நீட்டிப் படிக்கலாம். சூப்பர்ப் அழகில்லை என்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன், ஆனால் அடர்நீலத்தில் ஒன்றை நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆல்ஃபா ரோமியோ வாங்கலாமா? எல்லோரும் பயமுறுத்துகிறார்களே.

பயத்தில் பாதி பழைய கதை. 2016-இல் விற்பனைக்கு வந்த ஜூலியா பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் சமமான எடை, கார்பன் ஃபைபர் இயக்கத்தண்டு, மிகக் கூர்மையான ஸ்டீயரிங். ஓட்டும் சுகத்துக்கு இந்தக் கூட்டத்தில் என் ஓட்டு அதற்குத்தான். தொடக்க வருட வண்டிகளில் மின்னணுத் தொந்தரவுகள் உண்டு, திரையும் அந்தக் காலத்துக்கே பழையது. 2020 மாடலிலிருந்து தொடுதிரையும் உள்ளலங்காரமும் மேம்பட்டன, முடிந்தால் அதைப் பாருங்கள். ஒரே நிபந்தனை: பக்கத்தில் ஆல்ஃபா தெரிந்த மெக்கானிக் இருக்க வேண்டும். இல்லையென்றால் 3 சீரிஸ் வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

போவதற்கு முன்பே விற்பவரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒளிகிறது என்று அர்த்தம், இன்னொரு நாள் வாருங்கள். மேலே சொன்ன செயின் பிரச்சினைகள் பெரும்பாலும் குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் சில விநாடிகளில் தங்களைக் காட்டிக்கொள்ளும், கலகலவென்று ஒரு உலோகச் சத்தமாக. சூடானதும் பல நேரம் அடங்கிவிடும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், எஞ்சின், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியோ மென்பொருளில் மறைத்தோ இருக்கலாம்.

ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். நடக்கும் வேகத்தில் ஊர்ந்து பாருங்கள், டிஎஸ்ஜி நடுங்குகிறதா என்று. மேடுபள்ளத்தில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஆடியின் முன் சஸ்பென்ஷனில் பல கைகள், ஒவ்வொன்றிலும் புஷ்கள், தேய்ந்தால் டொக் டொக்கென்று சொல்லும். நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் பிடித்து ஸ்டீயரிங் அதிர்கிறதா பாருங்கள். திரும்பி வந்து நிறுத்தி, ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது.

பிறகு ஸ்கேனர், வண்டியின் கணினி பதிந்துவைத்த குறைகளைப் படிக்கும் கருவி. குறைக் குறியீடு எதுவும் இல்லை என்றால் உடனே மகிழ வேண்டாம். வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் ஒன்றும் ஸ்கேனரில் தெரியும். அதில் பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், நேற்றோ இன்று காலையோ யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இந்த ஒரு சோதனை பல விற்பனையாளர்களின் முகத்தை மாற்றும்.

ஓடோமீட்டரை நம்பலாமா?

அது காட்டும் எண்ணை மட்டும் வைத்து நம்ப முடியாது. அந்த எண்ணை மாற்றுவது சில நிமிட வேலை. ஆனால் இந்தக் கார்களில் கிலோமீட்டர் ஒரே இடத்தில் இல்லை. கியர்பாக்ஸ், பிரேக் எனப் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிந்திருக்கும், பிஎம்டபிள்யூவில் சாவிக்குள்ளேகூட இருக்கும். விவரமான மெக்கானிக் இவற்றை ஒப்பிட்டுச் சொல்வார். டீலரின் கணினிப் பதிவும் ரசீதுகளும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கு ஸ்டீயரிங்கின் மேல்பகுதிப் பளபளப்பு, ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு, பிரேக் மிதியின் ரப்பர் போதும். 60,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியின் இருக்கை விளிம்பு கிழிந்திருக்காது.

மோதிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயின்ட் தடிமன் பார்க்கும் சிறு கருவி ஒன்று போதும். ஆலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 தாண்டினால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள தேதிக் குறி, சீட் பெல்ட்டின் அடியில் உள்ள தேதி எல்லாம் வண்டியின் வயதோடு பொருந்த வேண்டும். பம்பரில் சிறிய பெயின்ட் வேலை பெரிய விஷயமில்லை. சட்டகமும் ஏர்பேக்கும் தொடப்பட்டிருந்தால் விலகிவிடுங்கள்.

பெரிய வீல் வாங்கலாமா?

19 அங்குல வீல் புகைப்படத்துக்கு நல்லது. சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் ரப்பரே இல்லாமல் போவதால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் பதியும், வீலும் வளையும். 17 அல்லது 18 போதும். பல பிஎம்டபிள்யூக்களில் ஸ்டெப்னி கிடையாது, காற்று போனாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்கள் வரும். அவை கொஞ்சம் விறைப்பானவை, விலையும் அதிகம். நான்கு சக்கர இயக்க வண்டியில் நான்கு டயரும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி பாழாகும். டயரின் வயதை அதன் பக்கவாட்டிலேயே படிக்கலாம்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டயரை மிச்சப்படுத்தி மலிவானதைப் போட்ட உரிமையாளர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்னென்ன மிச்சப்படுத்தினாரோ.

எலக்ட்ரானிக்ஸ் பயமா இருக்கிறதே?

பாதிப் பிரச்சினைகள் பலவீனமான 12 வோல்ட் பேட்டரியால் வருபவை. பேட்டரி சோர்ந்தால் சம்பந்தமில்லாத பத்து எச்சரிக்கைகள் திரையில் வரும். பிஎம்டபிள்யூ, ஆடியில் புதுப் பேட்டரி போட்டதும் அதை வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. கண்ணாடிக் கூரையின் வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் கம்பளத்தின் அடியில் தேங்கும், அங்கேதான் வயர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கின்றன. காலடிக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். அப்புறம், நவீன எல்இடி முகப்பு விளக்கை முழுத் தொகுப்பாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டும் எரிகிறதா, உள்ளே நீர்த்திவலை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி. அதன் பிறகு அந்தப் பிராண்டையே தொழிலாக வைத்திருக்கும் வெளி மெக்கானிக். பாஷ், சாக்ஸ், லெம்ஃபோர்டர், மாலே போன்றவர்கள் கார் நிறுவனங்களுக்கே பாகம் செய்து கொடுப்பவர்கள். அதே பாகத்தை அவர்கள் பெட்டியில் வாங்கினால் விலை குறையும். ஆயிலில் மட்டும் சமரசம் வேண்டாம், டப்பாவின் முன்பக்க விளம்பரத்தைப் பார்க்காமல் பின்பக்கத் தரக்குறியீட்டைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் 504 00 / 507 00, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் 229.51 என்று ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒன்று இருக்கும், எது என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும்.

எதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது?

சர்வீஸ் பதிவு இல்லாத டர்போ வண்டி. மென்பொருள் மாற்றிச் சக்தி கூட்டிய வண்டி. வெள்ளத்தில் நின்றது. அடுத்து, நம்ப முடியாத விலையில் வரும் உச்சகட்ட மாடல், காற்று சஸ்பென்ஷன், பெரிய எஞ்சின், எல்லா வசதியும் என்று. அதே விலைக்குச் சாதாரண எஞ்சின், துணி இருக்கை, தடித்த ரசீதுக் கோப்போடு ஒரு வண்டி கிடைத்தால் அதன் அருகில் போய் நில்லுங்கள்.

வாங்கிய முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் எஞ்சின் ஆயில், எல்லா வடிகட்டிகள், பிரேக் திரவம் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ரசீது இல்லாவிட்டால் அதையும். பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். திரும்ப அழைப்புப் பணிகள் ஏதும் பாக்கி உள்ளதா என்று டீலரிடம் கேளுங்கள்.

சாவி இரண்டும் கைக்கு வந்துவிட்டனவா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள், புதுச் சாவி செய்வது செலவான வேலை. கூடவே வீல் திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டின் சிறு அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் டிக்கியின் அடியில், கருவிப் பெட்டிக்குள் கிடக்கும். அது இல்லாமல் நடுவழியில் பஞ்சரானால், மற்ற நட்டுகளைக் கழற்றிவிட்டு அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.